பாபுரா இரண்டு வழியாக

அந்த வீட்டில் ஓரகத்திகள் இரண்டு பேர், தளம் இரண்டு, கொதிகலன் ஒன்று. சண்டைக்கு வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்.

மூத்தவள் யாகொதா கீழ்த்தளம். இளையவள் பில்யானா மேல்தளம் என்று பெயர்தான். வருஷத்தில் பதினோரு மாதம் அவள் வியன்னாவில் இருந்தாள். அவள் புருஷன் நொவிட்சா அங்கே லாரி ஓட்டினான். அவள் கட்டுமானச் சாமான் விற்கும் பெரிய கடை ஒன்றில், மின்சாரப் பகுதியில் நின்றாள். ஆகஸ்டில் குடும்பத்தோடு வருவாள். வந்த அன்றே மேலே போய் ஒவ்வொரு சன்னல் விளிம்பையும் விரலால் தடவி, அந்த விரலைத் தூக்கிப் பார்ப்பாள். யாகொதா அதைக் கீழே முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

வீட்டைக் கட்டியவர் மாமனார் ஸ்வெதொசார். அணைக்கட்டு வேலையில் கம்பி கட்டியே வாழ்ந்த மனிதர். இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு தளம் என்று முடிவு செய்தவர், இரண்டுக்கும் இடையிலுள்ள கூரைக்கு மட்டும் கணக்குக்கு மேல் இரண்டு மடங்கு கம்பி போட்டு கான்கிரீட் ஊற்றினார். மேலே நடப்பவன் காலடிச் சத்தம் கீழே படுப்பவனுக்குக் கேட்காமல் இருந்தால்தான் அண்ணன் தம்பி ஒட்டி வாழ்வார்கள் என்பது அவர் எண்ணம். வாசலில் இரண்டு சிமெண்டு சிங்கமும் வைத்துவிட்டுச் செத்துப்போனார். இடப்பக்கச் சிங்கத்துக்குப் பில்யானா தங்க நிறம் பூசினாள். வலப்பக்கச் சிங்கம் சிமெண்டு நிறத்திலேயே இருந்தது.

அக்டோபர் மாதம். நிலவறையில் இருந்த கொதிகலனுக்கும், வீட்டிலுள்ள எல்லா ரேடியேட்டருக்கும், கம்பியில்லாமல் பேசுகிற தலைகள் பொருத்துவது என்று முடிவாகியிருந்தது. ரேடியேட்டரின் ஓரத்தில் திருகும் குமிழ் இருக்கிறதே, அதைக் கழற்றிவிட்டுத் தானாகத் திருகிக்கொள்கிற தலை. கதவு சன்னல்களுக்கு வெள்ளைப் பொத்தான் மாதிரிச் சின்னக் கருவிகள். திறந்தால் சொல்லும், சூடு சொல்லும், ஈரம் சொல்லும். யோசனை பில்யானாவுடையது. வியன்னாவில் இருந்துகொண்டே வீட்டைப் பார்க்கலாம், வருவதற்கு முந்தின நாளே சூடு ஏற்றலாம். ஆனால் கொதிகலன் ஒரு பெட்டியின் பேச்சைத்தான் கேட்கும். அந்தப் பெட்டி எந்த மொழி பேசுவது, ஜிக்பீயா, இசட்வேவா? அங்கேதான் பிடித்துக்கொண்டது.

"அக்கா, இசட்வேவ்தான். நான் தினம் விக்கிறேன், என்கிட்ட வந்து பாடம் நடத்தாதீங்க," என்றாள் பில்யானா கைபேசித் திரையில். பின்னால் நொவிட்சாவின் நெற்றி மட்டும் தெரிந்தது.

"நீ விக்கிறதை எல்லாம் நான் வாங்கணுமா? இங்க ஊர் பூரா ஜிக்பீதான்."

"ஊர் பூரான்னா யாரு? மருந்துக்கடைக்காரனும் பாதிரியாருமா?"

"பாதிரியார் வீட்டுக்குப் போதுமானது உனக்குப் போதாதா? உன் வீடு கோயிலை விடப் பெரிசோ?"

"ஆமா, பெரிசு. அதுவும் நம்ம மாமனார் கான்கிரீட்டு. ஜிக்பீ அதுல ஏறாது அக்கா. சொல்லிட்டேன்."

"ஏறும், ஏறும். ஏறாம எங்க போகும்?"

ஏறாது என்று யாகொதாவுக்கு நன்றாகவே தெரியும். ஏறக்கூடாது என்றுதான் அவள் ஜிக்பீக்காக மல்லுக்கு நின்றாள்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மேல்தளத்தில் தெற்குப் பார்த்து ஒரு பெரிய அறை. மூன்று சன்னல், காலை முதல் சாயங்காலம் வரை வெயில். அது பில்யானாவின் படுக்கையறை. பன்னிரண்டு வருஷமாக, பிப்ரவரி நடுவிலிருந்து மே முதல் வாரம் வரை, யாகொதா அந்த அறையில் குடைமிளகாய் நாற்று வளர்த்தாள். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, மரத்தரையில் பிளாஸ்டிக் விரித்து, பலகைகளின் மேல் நாற்பத்திரண்டு தட்டு. மூவாயிரம் செடி. அவளுடைய வருஷமே அந்தத் தட்டுகளில் இருந்தது. கோடைத் தோட்டம், செப்டம்பரில் பெத்ரோவாட்ஸ் சந்தை, அப்புறம் முற்றத்தில் அடுப்பு மூட்டிக் குடைமிளகாயைச் சுட்டுத் தோலுரித்து நாள் முழுக்கக் கிளறி ஜாடியில் அடைக்கும் ஐவார். கீழ்த்தளத்து அறைகளுக்கு வால்நட் மரத்தின் நிழல். அங்கே முளைத்தால் நாற்று வெளிறி நூலாக நீளும். மே மாதத்தில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, வினிகர் தண்ணீர் விட்டுத் தரையைத் துடைத்து, கட்டிலைக் கிடத்தி, சன்னல் விளிம்பில் விரலால் தடவிப் பார்த்துவிட்டு இறங்குவாள். அவள் புருஷன் ராதிஷாவுக்கு விஷயம் தெரியும். தெரியாத மாதிரி இருப்பான்.

கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் பில்யானா சரி என்றுகூடச் சொல்லியிருப்பாள். சொல்லிவிட்டு ஒவ்வொரு ஆகஸ்டிலும், விருந்தாளிகள் முன்னால், "அக்காவுக்கு நம்ம படுக்கையறையை விட்டிருக்கோம்ல" என்பாள். அப்படிக் கிடைக்கிற ரொட்டி யாகொதாவின் தொண்டையில் இறங்காது.

கருவி பொருத்த வந்த திஹொமிர் அவளுடைய அடுக்களையில் காப்பி குடித்துக்கொண்டே எல்லாம் விளக்கியிருந்தான். "இசட்வேவ் இருக்கே அத்தை, அது கட்டைக் குரல். மெதுவாப் பேசும், ஆனா சுவரைத் தாண்டிப் போகும். ஜிக்பீ கீச்சுக் குரல். வைஃபை போற அதே பாதையில போகும். கான்கிரீட்டுன்னா மூச்சு வாங்கும்."

வைஃபை எவ்வளவு தூரம் போகும் என்று யாகொதாவுக்குத் தெரியாதா? ஆகஸ்டில் வியன்னாப் பிள்ளைகள் பொதுப் படிக்கட்டில் ஏழாவது படியில்தான் வரிசையாகக் குந்தியிருக்கும், எட்டாவது படியில் கிடைக்காது என்று.

"அப்போ ஜிக்பீயே போடு," என்றாள்.

"மேல கிடைக்காதே அத்தை. நடுவுல, படிக்கட்டுல, சுவர்ல சொருகற சாமான் ஏதாவது இருந்தா பரவாயில்ல. அது வாங்கிக் கை மாத்தி விடும்."

"படிக்கட்டு பொது. அதுல ஒரு ஆணி அடிக்கக்கூட ரெண்டு பேரும் சம்மதிக்கணும். நடுவுல ஒண்ணும் வேண்டாம்."

வியன்னாவுக்கு அவள் சொன்னது வேறு. "கொதிகலனுக்கு ரெண்டு மூட்டை மரக்குச்சி தினம் கொட்டறது நான். உனக்கு இசட்வேவ்தான் வேணும்னா, அங்கேர்ந்து கையை நீட்டிக் கொட்டு."

நொவிட்சாவின் நெற்றி பெருமூச்சு விட்டது. "விடு பில்யானா. எதையோ போடட்டும்."

நவம்பரில் ஜிக்பீ வந்தது. திஹொமிர் எல்லாக் கருவிகளையும் நிலவறை மேசையில் வைத்துப் பெட்டியோடு பழக்கினான். அவரவர் தளம் அவரவர் கைபேசியில் மட்டும் தெரிகிற மாதிரி ஏற்பாடு. கொதிகலன் மட்டும் இருவருக்கும். பிறகு மேலே கொண்டுபோய் ஒட்டினான், மாட்டினான். இறங்கி வந்து கைபேசியைப் பார்த்தான். கீழ்த்தளம் எல்லாம் பச்சை. மேல்தளம் எல்லாம் சாம்பல் நிறம்.

"சொன்னேனா இல்லையா?" வியன்னாவிலிருந்து பில்யானா கத்திய கத்தலில் திஹொமிர் கைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தான். "என் வீடு எனக்குச் செத்துக் கிடக்கு! சந்தோஷமா அக்கா?"

"நான் என்ன பண்ண? மாமனார் கம்பி கட்டினதுக்கு நானா பொறுப்பு? குமிழைக் கையாலயும் திருகலாமாம். உனக்காக நானே திருகி விடறேன்."

"எதையும் கழட்டாதீங்க. அப்படியே இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கறேன்."

புத்தாண்டுக்கும் அவர்கள் வரவில்லை. பில்யானாவின் தாய் வீட்டுக்குப் போனார்கள். வெள்ளைப் பொத்தான்கள் சன்னல்களில் ஊமையாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஜனவரி ஏழில் வரும் கிறிஸ்துமஸுக்கு யாகொதா நிம்மதியாக ரொட்டி சுட்டாள்.

பிப்ரவரி பதினாலு, தூய திரிஃபுன் நாள். ஆண்கள் திராட்சைக் கொடி வெட்டப் போனார்கள். யாகொதா விதை ஊற வைத்தாள்.

குடைமிளகாய் விதை முளைக்க அடிச்சூடு வேண்டும். வீட்டிலேயே கதகதப்பான இடம் படிக்கட்டின் வளைவு, கொதிகலன் புகைக்குழாய் ஏறும் சுவரோரம். முளைப்பெட்டியை அவள் எப்போதும் அங்கேதான் வைப்பாள், அதன் கீழே மின்சாரக் கம்பளி. பொதுப் படிக்கட்டு என்ற சட்டம் பில்யானாவுக்குத்தான். பதினோரு மாதம் அங்கே யார் இருக்கிறார்கள் பார்க்க? முளைத்ததும் மேலே, விளக்குகளின் கீழே. காலையிலும் மாலையிலும் விளக்குப் போட, அணைக்க, ஒரு நாளைக்கு நான்கு தரம் படி ஏறி அவளுக்கு முழங்கால் வீங்கும். இந்த வருஷம் ஒரு யோசனை தோன்றியது. பெத்ரோவாட்ஸில் ஜிக்பீ பிளக் மூன்று வாங்கினாள். கீழே பெட்டியோடு பழக்கி, தன் கைபேசியில் 'அடுக்களை' என்ற தலைப்பில் சேர்த்தாள். பில்யானாவின் கைபேசியில் கீழ்த்தளத்து அடுக்களை தெரியாது. ஒவ்வொரு பிளக்குக்கும் கைபேசி பெயர் கேட்டது. தான் வளர்க்கும் மிளகாயின் பெயரையே கொடுத்தாள்: பாபுரா ஒன்று, பாபுரா இரண்டு, பாபுரா மூன்று.

ஒன்றைப் படிக்கட்டு வளைவில் கம்பளிக்குச் சொருகினாள். இரண்டையும் மூன்றையும் மேலே விளக்குகளுக்கு. வேலை செய்யாது என்று பாதி எதிர்பார்த்துக்கொண்டே கீழே வந்து கைபேசியைத் தட்டினாள். முற்றத்துக்கு ஓடிப் போய் அண்ணாந்தாள். மேல் சன்னலில் ஊதா வெளிச்சம்!

"ராதிஷா! ஏறுது பாரு! அந்தச் சீமாட்டி ஏறாதுன்னாளே!"

ராதிஷா கொடி வெட்டும் கத்தரியோடு அண்ணாந்து பார்த்தான். "ஏறுது," என்றான். கொஞ்சம் யோசித்தான். "ஏன் ஏறுது?"

"உனக்கு எதுக்கு அது?"

அந்த மனுஷன் வாழ்க்கையில் கேட்ட ஒரே நல்ல கேள்வி அது. கை மாற்றி விடுவதற்கென்றே தனியாக ஏதோ சாமான் விற்கும் என்றுதான் யாகொதா நினைத்திருந்தாள். விளக்குக்குச் சொருகிய பிளக்கே அந்த வேலையையும் செய்யும் என்று அவள் எண்ணவில்லை. கீழிருந்து ஏறுகிற பேச்சு, மேலிருந்தும் இறங்கும் என்றும் எண்ணவில்லை. சாம்பல் நிறத்தில் கிடந்த வெள்ளைப் பொத்தான்கள், மூன்று மாதமாக ஆளில்லாத வீட்டில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவை, பக்கத்திலேயே ஒரு காது முளைத்ததும் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கின. ரேடியேட்டர் தலைகளும்தான். யாகொதாவின் கைபேசியில் மேல்தளம் தெரியாது. அவளுக்கு எப்படித் தெரியும்?

மார்ச் பத்தாம் தேதி காலை. நாற்று இரண்டு இலை விட்டிருந்தது. கைபேசி அடித்தது.

"அக்கா, மேல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. யாரு இருப்பா?"

"என் படுக்கையறையில இருபத்திமூணு டிகிரி காட்டுது."

"வெயில்."

"ஈரம் எண்பதுன்னு காட்டுது."

"மழை."

"வெயிலா அக்கா, மழையா?"

யாகொதா கரண்டியைக் கீழே வைத்தாள். "கருவி கெட்டிருக்கும். நீதானே சொன்ன, ஜிக்பீ லாயக்கில்லன்னு."

"நேத்து பத்து மணிக்கு நடுச்சன்னல் திறந்திருக்கு, பத்தேகாலுக்கு மூடியிருக்கு. முந்தாநாளும் பத்து மணி. அதுக்கு முந்தின நாளும் பத்து மணி. பேயா இருந்தா ரொம்ப ஒழுங்கான பேய் அக்கா. கடிகாரம் கட்டிட்டு வருது." பில்யானா மூச்சு விட்டாள். "இன்னொண்ணு. இந்தக் கருவி எது வழியாப் பேசுதுன்னு கீழ எழுதியிருக்கு. படிக்கட்டுமா? 'பாபுரா இரண்டு வழியாக.' யாரு அவ? என் படுக்கையறையில அவளுக்கு என்ன வேலை?"

அடுக்களையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாகொதா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நாத்து," என்றாள் கடைசியில். "குடைமிளகாய் நாத்து. உன் கட்டில் சுவத்துல பத்திரமா இருக்கு."

"எத்தனை வருஷமா?"

"பன்னிரண்டு."

 பிறகு பில்யானா பேசியபோது மரியாதை உதிர்ந்துபோயிருந்தது.

"திருடி! பன்னிரண்டு வருஷமா என் படுக்கையறையில உரம் போட்டு மண்ணைக் குவிச்சிட்டு, நான் வந்தா வாசல்ல நின்னு பல்லைக் காட்டறியா? வினிகர் நாத்தம் ஏன்னு கேட்டதுக்கு, எறும்புக்குன்னு சொன்னியே!"

"வாயை அளந்து பேசு. வருஷா வருஷம் இருபது ஜாடி ஐவார் பஸ்ல போட்டு அனுப்பறேனே, அது எங்க முளைச்சதுன்னு நினைச்ச? நீ திங்கறது அந்த அறையிலேர்ந்து வந்ததுதான்."

"ஓஹோ! என் வீட்டுல விளைஞ்சதை எனக்கே பரிசுன்னு அனுப்பியிருக்க. நானும் பைத்தியக்காரி மாதிரி வருஷா வருஷம் நன்றி சொன்னேன். கேட்டிருந்தா கொடுத்திருப்பேன்."

"கேட்டிருந்தா கொடுத்திருக்க மாட்ட. கொடுத்தேன்னு ஊர் பூரா சொல்லியிருப்ப."

தொடர்பு அறுந்தது.

இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் கோஷாவா அடிக்கத் தொடங்கியது. கிழக்கேயிருந்து வரும் அந்தக் காற்று வந்தால் ஐந்து நாள், ஏழு நாள் என்று நிற்கும், ஓட்டையைத் தேடித் தேடி நுழையும். யாகொதா அன்று பெத்ரோவாட்ஸில் பல் வைத்தியரிடம் போயிருந்தாள். பகல் ஒரு மணிக்குத் திரும்பினாள், கன்னம் மரத்துப்போய். முற்றத்திலிருந்தே அண்ணாந்து பார்த்தாள். சன்னல் கண்ணாடியில் வழக்கமான ஆவிப்பூச்சு இல்லை. கண்ணாடி சுத்தமாக இருந்தது.

மேலே கதவைத் திறந்தபோது அறை மூச்சடங்கிக் கிடந்தது. ரேடியேட்டரைத் தொட்டாள். கல். எல்லாத் தலைகளும் பூஜ்யத்தில் நின்றன. அவள் வெளியே போனபிறகு, காலை எட்டு மணிக்கே வியன்னாவிலிருந்து யாரோ விரலால் தட்டி மூடியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. காற்று சன்னல் இடுக்கில் ஊதிக்கொண்டிருந்தது. சன்னலோரத் தட்டுகளில் செடிகள் ஒரே பக்கமாகக் கழுத்து ஒடிந்து, இலை கறுத்துச் சாய்ந்திருந்தன.

அவள் அழவில்லை. கன்னம் மரத்திருந்ததால் சரியாகத் திட்டக்கூட முடியவில்லை. தலையைப் பிடித்துத் திருகினாள். மேலே கூட்டினால் வியன்னா மறுபடி குறைத்துவிடும். அதனால் திருகித் திருகிக் கழற்றியே விட்டாள். தலை போனால் உள்ளே இருக்கும் ஊசி வெளியே துள்ளும், ரேடியேட்டர் முழுதாகத் திறந்துகொள்ளும். பன்னிரண்டு வருஷமாக அந்தக் குமிழ்களோடு பழகியவளுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆறு தலையையும் கழற்றி வாளியில் போட்டாள். குழாய்க்குள் தண்ணீர் கடகடவென்று ஓடியது.

அரை மணி கழித்து அடுக்களையில் கைபேசி.

"என்ன பண்ணின? எல்லாம் மூடியிருக்குன்னு காட்டுது. சூடு ஏறிட்டே இருக்கு!"

"மூடித்தான் இருக்கு," என்றாள் யாகொதா மரத்த வாயால். "வாளிக்குள்ள ஆறும் ஒழுங்கா மூடித்தான் கிடக்கு. ரெண்டு தட்டு செத்துப்போச்சு. நூத்தி நாப்பது செடி. சாப்பிடும்போது நினைச்சுக்கோ."

"என் ரேடியேட்டரைக் கழட்ட நீ யாரு?"

"அதுக்கு மரக்குச்சி கொட்டறவ."

ராதிஷா மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து, "கொஞ்சம் தணிவாப் பேசக் கூடாதா ரெண்டு பேரும்? அக்கம்பக்கத்துல கேக்குது," என்றான்.

"நீ பேசாதே!" என்று அடுக்களையிலிருந்தும் வியன்னாவிலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது. பல வருஷத்துக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

வியாழக்கிழமை வியன்னா பஸ். ஊரே அதில்தான் பொட்டலம் அனுப்பும். யாகொதா ஆறு தலைகளையும் அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். மேலே ஒரு ஜாடி ஐவார் வைத்தாள், மூடியில் கொட்டை எழுத்தில் 'பாபுரா இரண்டு' என்று எழுதி. டிரைவர் பொபான் பெட்டியைக் குலுக்கிப் பார்த்தான்.

"என்ன அக்கா, கல்லா?"

"தலை."

"பன்றித் தலையா?"

"கிட்டத்தட்ட."

ஈஸ்டருக்கு, புனித வெள்ளியன்று மத்தியானம், கார் வந்து தங்கச் சிங்கத்தின் பக்கம் நின்றது. பில்யானா இறங்கினாள். ஒரு கையில் பெட்டி, மறு கையில் அந்த ஐவார் ஜாடி, திறக்கப்படாமலே. யாகொதாவைப் பார்க்காமல் படியேறினாள். ஏறும்போது ஜாடியை மூன்றாவது படியில் ஓரமாக வைத்தாள். பொது இடம். அதற்கப்புறம் அதை யாரும் தொடவில்லை. தாண்டித் தாண்டிப் போனார்கள்.

செடிகளையெல்லாம் தூக்கி முற்றத்தில் எறிவாள் என்று யாகொதா கீழே காத்திருந்தாள். காது வைத்துக் கேட்டாள். மாமனாரின் கான்கிரீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. கால் மணி நேரம் கழித்துப் பில்யானா இறங்கி வந்து அடுக்களை வாசலில் நின்றாள்.

"செடியைக் கொல்ல நான் வரல. ஈஸ்டர் அதுவுமா அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். உன் விளக்கு எரியட்டும், ரேடியேட்டரும் ஓடட்டும். ஆனா கதவு என்னோடது."

மறுநாள் திஹொமிர் வந்தான், யாகொதாவின் முகத்தைப் பார்க்காமல். நிலவறையில் கொதிகலனுக்கு வலப்பக்கம் ஜிக்பீப் பெட்டி இருந்தது. இடப்பக்கம் புதுப்பெட்டியை மாட்டினான். இசட்வேவ். அது கொதிகலனைத் தொடவில்லை. அதன் வேலை வேறு. அதற்கு இணையம் வேண்டுமென்றால் யாகொதாவின் அடுக்களையிலிருந்து வேண்டாம். பில்யானா உள்ளே சிம் போட்டே கொண்டுவந்திருந்தாள். மேல்தளத்துக் கதவில் பழைய பூட்டைப் பெயர்த்துவிட்டு, சாவித்துளையே இல்லாத பூட்டு ஒன்று, கதவைத் தானாக இழுத்துச் சாத்தும் வில் ஒன்று. யாகொதாவின் கையிலிருந்த சாவி அன்றோடு வெறும் இரும்பு.

அவளுக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. மாமனாரின் இரட்டைக் கம்பி. அது எதையும் விடாது.

பில்யானா நிலவறையில் நின்று கைபேசியைத் தட்டினாள். இரண்டு தளத்துக்கு மேலே பூட்டின் நாக்கு 'டக்' என்று இழுத்துக்கொண்டது. படிக்கட்டில் நின்ற யாகொதாவுக்கு நன்றாகக் கேட்டது.

"கட்டைக் குரல், அத்தை," என்று திஹொமிர் முணுமுணுத்தான். "சொன்னேன்ல."

"அக்டோபர்லயே என் பேச்சைக் கேட்டிருந்தா, எல்லாம் அக்டோபர்லயே தெரிஞ்சிருக்கும்," என்றாள் பில்யானா. "அதுக்குத்தானே நீ கேக்கல?"

செவ்வாய்க்கிழமை கிளம்பும்போது சட்டத்தைச் சொன்னாள், ராதிஷாவிடம், யாகொதா காதில் விழும்படி. "காலையில ஏழு பத்துக்கு எனக்கு டிராம். ஏறி உக்காந்ததும் திறப்பேன். பத்து நிமிஷம். தண்ணி ஊத்திட்டு வெளிய வந்துடணும். அதுக்கு மேல வேணும்னா, வேணும்கிறவ வாயைத் திறந்து கேக்கட்டும்."

பத்து நிமிஷத்தில் நாற்பது தட்டுக்குத் தண்ணீர் ஊற்ற முடியுமா? குளிர்ந்த தண்ணீர் வேரைச் சுருக்கும். கீழிருந்து வெதுவெதுப்பாகச் சுமந்து போக வேண்டும். ஏழு ஐந்துக்கே இரண்டு பூவாளியோடு யாகொதா மேல்படியில் நிற்பாள், வீங்கின முழங்காலோடு, பூட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டு. 'டக்.' ஓடுவாள். ஒரு நாள் இருபது தட்டு, மறுநாள் இருபது தட்டு. சன்னல் திறந்து காற்றாட விட நேரமில்லை. ஒன்பதாம் நாள் தண்டின் அடியில் பழுப்பு வளையம் கண்டது. அழுகல். காற்றில்லாவிட்டால் ஒரு வாரத்தில் தட்டுத் தட்டாகப் பரவும், அவளுக்குத் தெரியும்.

ராதிஷா தானாகவே வியன்னாவுக்குக் கூப்பிட்டான். "அரை மணி கொடும்மா. செடி அழுகுது."

"கேக்கறது அவளா, நீங்களா?"

ராதிஷா கைபேசியை மூடிவிட்டு மனைவியைப் பார்த்தான். "ஒரு வார்த்தை, யாகொதா. ஒரே ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"செடியையெல்லாம் பிடுங்கி நீ தின்னு. நான் கேக்க மாட்டேன்."

மறுநாள் காலை பூவாளிகளோடு படியேறியவள், மூன்றாவது படியில் நின்றாள். கைகளைக் காலி செய்தாள். ஓரமாக இருந்த ஐவார் ஜாடியை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். கனத்தது.

ஏழு பன்னிரண்டுக்கு 'டக்' என்றது. கதவை அகலத் திறந்தாள். ஜாடியைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே, 'பாபுரா இரண்டு' என்று எழுதின பக்கம் மேலே பார்க்க, கிடத்தினாள். காலால் தள்ளி இறுக்கினாள். பிறகு நிதானமாகத் தண்ணீர் ஊற்றினாள், ஒவ்வொரு செடியின் காலடியிலும், அவசரமில்லாமல்.

பத்தாவது நிமிஷம் பூட்டின் நாக்கு வெளியே துள்ளிக் காற்றைக் கடித்தது. உள்ளே போயிற்று. மறுபடி துள்ளியது. மறுபடி. வியன்னாவில் டிராமில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி விரலால் குத்திக்கொண்டேயிருந்தாள். கதவு ஜாடியில் மோதி நின்றது.

கீழே அடுக்களையில் கைபேசி அடித்தது. கதவு திறந்திருந்ததால், அந்த வீட்டில் கீழே அடிக்கும் மணி மேலே கேட்டது.

"அவதான்!" ராதிஷா படிக்கட்டின் அடியிலிருந்து கத்தினான். "கதவு திறந்திருக்குன்னு காட்டுதாம்! என்ன சொல்ல?"

"நல்ல பூட்டு, சரியாத்தான் சொல்லுதுன்னு சொல்லு."

மணி நின்று, மறுபடி அடித்தது. யாகொதா இருபத்தோராவது தட்டுக்கு ஊற்றி முடித்து, பூவாளியைக் கீழே வைத்தாள். இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். போய் நடுச்சன்னலை அகலத் திறந்தாள். பாபுரா இரண்டு அதையும் வாங்கி, கை மாற்றி, வியன்னாவுக்கு அனுப்பியது.